இலைகளை அகற்றியது சரியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் புளோரன்ஸ் நகரில் சாந்தா மரியா தெல் கார்மினே ஆலயத்திலுள்ள பிரான்காச்சி சிற்றாலயத்தைப் பார்த்தேன். அதன் சுவரோவியங்களில் ஆதாம், ஏவாள் உடல்கள்மேல் முந்நூறு ஆண்டுகளாக இருந்த இலைகளை 1980களில் நடந்த சீரமைப்பில் நீக்கிவிட்டார்கள் என்று அங்கே தெரிந்துகொண்டேன். அந்த இலைகளும் வரலாறுதானே? அவற்றை அழிக்கச் சீரமைப்பாளருக்கு என்ன உரிமை? உரிமை உண்டென்றால், 18ஆம் நூற்றாண்டுக் கூரை ஓவியத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

இலைகளும் வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை நீக்கியதற்கும் கூரையைத் தொடாமல் விட்டதற்கும் காரணம் ஒன்றே: எதை எடுத்தால் அடியில் என்ன மிஞ்சும் என்பதுதான் அங்கே அளவுகோல்.

பட்டு வணிகர் ஃபெலீச்சே பிரான்காச்சியின் பொருட்செலவில், 1424 வாக்கில் மசோலினோவும் மசாச்சோவும் பெரும்பாலும் புனித பேதுருவின் வாழ்க்கைக் காட்சிகளை இச்சுவர்களில் வரையத் தொடங்கினர். பணி முடியுமுன் ரோமுக்குச் சென்ற மசாச்சோ, முப்பது வயதை எட்டாமலே 1428இல் இறந்தார். புளோரன்ஸில் அதிகாரத்தைப் பிடித்த மெடிச்சி குடும்பத்தின் எதிரணியில் இருந்த பிரான்காச்சி 1436இல் கலகக்காரராக அறிவிக்கப்பட்டபின், ஓவியங்களில் இருந்த அவர் குடும்பத்தாரின் முகங்கள் அழிக்கப்பட்டன. குறையாக நின்ற பகுதிகளையும் முகங்கள் அழிக்கப்பட்ட இடங்களையும் 1480களில் ஃபிலிப்பினோ லிப்பி நிறைவு செய்தார். இலைகள் 1680 வாக்கில், தஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெடிச்சியின் ஆட்சியில் வந்தவை.

சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்டுவது ஃப்ரெஸ்கோ முறை. சாந்து உலர உலர வண்ணம் சுவரோடு சுவராக இறுகிவிடும். இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, உலர்ந்த சுவர்மேல் தீட்டப்பட்ட இலைகளுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. எனவே மசாச்சோவின் வண்ணத்துக்குச் சேதமில்லாமல் அவற்றைக் களைய முடிந்தது. 1771இல் ஆலயத்தின் பெரும்பகுதியை எரித்த தீயிலிருந்து இச்சிற்றாலயம் தப்பினாலும், அதன் சுவர்களில் படிந்த புகைக்கரியும் மேற்பூச்சுகளும் இப்படித்தான் அகற்றப்பட்டன. ஒலிவெத்தி நிறுவனத்தின் நிதியுதவியுடன் உம்பெர்த்தோ பால்தீனியும் ஓர்னெல்லா கசாட்சாவும் வழிநடத்திய அப்பணியில், பிற்காலத்துப் பளிங்குப் பலிபீடத்தை விலக்கியபோது, அதன் மறைவில் புகைபடாத மூல வண்ணம் அப்படியே இருந்தது. சுவரின் நிறம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க வேண்டிய தேவை அதன்பின் குறைந்துவிட்டது.

கலைக் காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிது. ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் ஆதாம் தன் இரு கைகளாலும் முகத்தைத்தான் மூடுகிறான், உடலை மறைக்கவில்லை. ஏவாளோ தலையை உயர்த்தி, வாய் திறந்து அலறுகிறாள்; அவள் கண்கள் இரண்டு கரிய தீற்றல்கள் மட்டுமே. பார்ப்பவரின் கண்ணை முகத்துக்கு இழுக்கும் அந்த ஏற்பாட்டை, இடுப்பில் ஒட்டிய பச்சை இலைக்கொத்து குலைத்துவிட்டது. அதிலும் ஏவாள் தன் கைகளாலேயே உடலை மறைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இலை எதற்கென்று கோசிமோவின் அவையினர்தான் சொல்ல வேண்டும். இலைகள் இருந்த நிலை பழைய புகைப்படங்களில் பதிவாகியிருப்பதால், அந்தக் காலத்தின் கூச்சத்தை ஆராய விரும்புபவருக்குச் சான்று இல்லாமல் போகவில்லை.

கூரையின் நிலை வேறு. 1746–48இல் வின்சென்சோ மேவுச்சி கூரைவளைவில் புதிதாக வரைந்தபோது, மசோலினோவின் பழைய ஓவியங்களே அழிக்கப்பட்டன. மேவுச்சியின் கூரை எனக்குப் பிடிக்காது; கீழேயுள்ள கனத்த மனிதர்களுக்கும் அந்த மிதக்கும் மேகங்களுக்கும் ஒட்டு இல்லை. இருந்தும் அதைப் பெயர்த்தால் மிஞ்சுவது மொட்டைக் கூரைதான்.

ஃபிலிப்பினோவுக்கும் இதுவே பொருந்தும். இடப்பக்கச் சுவரின் கீழ்வரிசையில், பேதுரு தியோபிலஸின் மகனை உயிர்ப்பிக்கும் ஓவியத்தில் இரு கைகளின் வேலையையும் அருகருகே காணலாம். பேதுரு மசாச்சோவுடையவர், உயிர்த்தெழுந்து மண்டியிட்டிருக்கும் சிறுவன் ஃபிலிப்பினோவுடையவன். தன் இயல்பான துள்ளும் கோடுகளை அடக்கி, முன்னவரின் நிதானத்துக்கு இணங்க அவர் வரைந்திருக்கிறார். அந்தச் சிறுவனைச் சுரண்டி எடுத்தாலும் பிரான்காச்சி குடும்பத்தாரின் முகங்கள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் அவன் அங்கேயே இருக்கிறான்.