டெய்ன் லின் பற்றி எங்கிருந்து தொடங்கலாம்?

வணக்கம். மியான்மர் கலைஞர் டெய்ன் லின் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும், ஓவியம், சிற்பம், நிகழ்த்துகலை என எல்லாம் செய்தவரை எங்கே பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

கலை வகைப்படி பிரிக்காதீர்கள். சிறையிலிருந்தே தொடங்குங்கள். 1998 முதல் 2004 வரை உள்ளே இருந்தார். தூரிகை கிடையாது. கைதிகளின் வெள்ளைப் பருத்தி உடைதான் கேன்வாஸ். விரல், ஊசிக்குழல், சிகரெட் லைட்டர், சோப்புக்கட்டி என்று கையில் கிடைத்ததை வைத்து வண்ணம் தீட்டினார். இதைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சோப்பைச் செதுக்கி, குறுகிக் குந்தியிருக்கும் மனித உருவமும் செய்தார். பிற்காலத்தில் அத்தகைய சோப்புக்கட்டிகளை அடுக்கியே மியான்மர் வரைபடத்தை உருவாக்கினார்.

அதிக நேரத்தை 2013இல் அவர் தொடங்கிய, கை அச்சுகளால் ஆன படைப்பு வரிசைக்குக் கொடுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல முன்னாள் அரசியல் கைதிகளின் கையில் மாவுக்கட்டு போட்டு அச்செடுப்பார். கட்டு இறுகும் வரை அவர்கள் தங்கள் சிறைக்கதையைச் சொல்வார்கள். அதுவும் படைப்பில் ஒரு பாதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆட்சியை எதிர்த்த 1988 மாணவர் எழுச்சியில் அவர் பங்கேற்றது, அப்புறம் இந்திய எல்லை முகாமில் ஓவியர் சித் ன்யெய்ன் ஏயிடம் ஓவியம் கற்றது, இவற்றுக்கு ஒரு நிமிடம் போதும். 2022 ஆகஸ்டில் மனைவியோடு மறுபடி கைதாகி நவம்பரில் விடுதலையானதையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.