ஓர் அணு அகலத் தங்கக் கம்பியில் மின்சாரம்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: மேடம், கம்பியின் அகலம் ஒரே ஓர் அணு என்றால் மின்தடை எவ்வளவு? பாடத்தில் உள்ள சூத்திரம் போதுமா?

போதாதும்மா. தங்கத்தின் தன்மின்தடை, ஓர் அணுவின் நீளம், குறுக்குப் பரப்பு எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டுப் பார், நூறு ஓம் பக்கம் வரும். அளந்தால் வருவதோ 12,900 ஓம்! எலக்ட்ரான் வழியெல்லாம் முட்டி மோதிப் போகிறது என்று வைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் அது. தங்கத்தில் எலக்ட்ரான் முட்டாமல் சுமார் 40 நானோமீட்டர் போகும். அணுவின் அகலம் 0.3 நானோமீட்டர்கூட இல்லை.

முட்டவே இல்லை என்றால் தடை எங்கிருந்து வருகிறது?

வாசலில். எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது. இருபுறமும் உள்ள தடித்த உலோகத்தில் அந்த அலைக்கு ஏராளமான வழிகள். நடுவில் நிற்கும் தங்க அணுவில் ஒரே வழி. எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடியை இரண்டால் பெருக்கி, பிளாங்க் மாறிலியால் (குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்) வகுத்தால் கிடைப்பதுதான் ஒரு வழியின் உச்சக் கடத்துதிறன், அதாவது மின்சாரத்தை விடும் அளவு. அதன் தலைகீழ் 12,906 ஓம். கடத்தலை இப்படிப் பார்க்கும் பாதையை 1957இல் திறந்தவர் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர். ஐந்து தங்க அணுக்களை வரிசையாக நிறுத்தினாலும் தடை ஏறக்குறைய அதேதான். நீளம் கூடினால் தடை கூடும் என்று படித்து வளர்ந்த எனக்கு, இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

எலக்ட்ரீஷியன்: ஃபியூஸ் மாதிரி உருகிவிடாதா?

0.1 வோல்ட் கொடுத்தால் ஓடுவது 7.7 மைக்ரோஆம்பியர். சதுர மில்லிமீட்டர் கணக்கில் பத்து கோடி ஆம்பியர் அண்ணா! நீங்கள் வயரிங்கில் சில ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வீர்கள். ஆனாலும் தாங்குகிறது. வெப்பத்தில் பெரும்பங்கு அந்த அணுவில் அல்ல, அதைத் தாண்டிய தடித்த பகுதியில்தான் வெளிப்படுகிறது.

எல்லா உலோகமும் இப்படித்தானா?

இல்லை. ஈயம், அலுமினியம் அணுக்களில் மூன்று வழிகள்வரை திறக்கும். அணுச் சங்கிலியாக நன்றாக நீள்பவை தங்கம், பிளாட்டினம், இரிடியம்.

எப்படிச் செய்கிறார்கள்?

வளையும் பட்டையில் கம்பியை ஒட்டி, நடுவில் கீறல் போட்டு, பட்டையை மெல்ல வளைப்பார்கள். கம்பி இழுபட்டு, அறுவதற்கு முன் ஓர் அணுவில் வந்து நிற்கும். எளிய வழியும் உண்டு. மின்சுற்றில் இணைத்த இரண்டு தங்கக் கம்பிகளை லேசாகத் தொடவிட்டு மேஜையைத் தட்டுங்கள். அவை பிரியும் கணத்தில் ஆசிலோஸ்கோப் (மின் மாற்றத்தைக் கோடாகக் காட்டும் கருவி) திரையில் கோடு வழுக்கி இறங்காது, படிப்படியாக இறங்கும். அறுவதற்கு முந்தைய கடைசிப் படியைக் கணக்கிட்டால் 12,900 ஓம் பக்கம் நிற்கும்.