யுஎக்ஸ் (பயனர் அனுபவ) வடிவமைப்பு வேலை நேர்காணல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பலகையில் வரைந்தபடி தீர்வை விளக்கும் ஒயிட்போர்டு சுற்றில், பார்வையற்றோருக்கான ஏடிஎம் ஒன்றை முக்கால் மணி நேரத்தில் வடிவமைக்கச் சொன்னார்கள். உடனே திரைகளை வரையத் தொடங்கினேன், தேர்வாகவில்லை. எங்கே தவறினேன்?

அந்த ஏடிஎம்மை யாரும் தயாரிக்கப் போவதில்லை. தெளிவில்லாத ஒரு சிக்கலை நீங்கள் எப்படிப் பிரித்து அணுகுகிறீர்கள் என்று பார்க்கவே அப்படிக் கேட்கிறார்கள். ஆகவே மார்க்கரைத் திறப்பதற்கு முன், முதல் பத்து நிமிடங்களைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். பயனர் பிறவியிலேயே பார்வை இல்லாதவரா, முதுமையில் பார்வை மங்கியவரா? புதிய இயந்திரமா, இருப்பதில் மாற்றமா? பிறகு, இருப்புத்தொகையை ஒலிபெருக்கியில் வாசித்தால் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும் என்பதால் இயர்ஃபோன் இணைக்க வசதி வேண்டும் என்றும், 5 என்ற பொத்தானின் மேலுள்ள புடைப்பைத் தடவியே மற்ற எண்களின் இடத்தை அறிய முடியும் என்பதால் வெறும் தொடுதிரை போதாது என்றும் காரணத்தோடு விளக்கினால், கோடுகள் கோணலாக இருந்தாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். யோசிக்கும்போது வாய்மூடி நிற்காதீர்கள். நீங்கள் எதை ஏன் கைவிடுகிறீர்கள் என்பதும் அவர்கள் காதில் விழ வேண்டும்.

ஐந்து பயனர்களிடம் மட்டும் சோதித்த புராஜெக்டைக் காட்டியபோது, “ஐந்து பேர் போதுமா?” என்று மடக்கிவிட்டார்கள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

எதற்குப் போதும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து என்ற கணக்கைப் பிரபலமாக்கியது 2000-ஆம் ஆண்டில் பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதிய கட்டுரை. ஒரு பயனரைச் சோதித்தால் சராசரியாக 31 விழுக்காடு குறைகள் வெளிப்படும் என்று கொண்டால், ஐவரிடம் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்பது அவர் வாதம். 15 பேர் கிடைத்தால் எல்லோரையும் ஒரே சோதனையில் செலவழிக்காமல், ஐவர் ஐவராக மூன்று முறை சோதித்து, இடையிடையே வடிவமைப்பைத் திருத்துங்கள் என்றும் அவர் எழுதினார். எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் வசதியாக விட்டுவிடும் பகுதி இது. குறைகளைக் கண்டறிய ஐவர் போதும். எத்தனை விழுக்காட்டினர் வேலையை முடித்தார்கள் என்று அளந்து சொல்ல ஐவர் போதாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, சோதனைக்குப் பின் மாற்றிய திரையைப் பழைய திரையின் பக்கத்திலேயே வைத்துக் காட்டுங்கள்.

ரகசிய ஒப்பந்தத்தில் உள்ள வேலையைப் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) வைக்கலாமா?

எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வைக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் வாடிக்கையாளரின் பெயரையும் உண்மையான எண்களையும் நீக்கிவிடுங்கள். பழைய நிறுவனத்தின் திரைகளை இங்கே விரித்துக் காட்டுபவர், நாளை எங்கள் திரைகளை எங்கே காட்டுவாரோ என்ற ஐயம் நேர்காணல் எடுப்பவருக்கு எழுவது இயல்பு.

கோடிங் தெரிய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. நீங்கள் வரைந்ததை உருவாக்க எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று பொறியாளரிடம் உரையாடும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

வீட்டில் செய்துவரும்படி தங்கள் செயலியையே முழுமையாக மறுவடிவமைப்புச் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

சில மணி நேரத்தில் முடியும் கற்பனைப் பயிற்சி என்றால் தயங்காமல் செய்யலாம். விற்பனையில் இருக்கும் செயலியின் அத்தனை திரைகளையும் ஊதியமின்றிக் கேட்பது, என் பார்வையில், தேர்வு ஆகாது, இலவச வேலைதான். நேரடியாக மறுப்பதற்குப் பதிலாக, எவ்வளவு நேரம் செலவிட எதிர்பார்க்கிறார்கள், ஊதியம் உண்டா, செய்த வேலை யாருக்கு உரிமையாகும் என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். பதிலாக, ஏற்கெனவே செய்த புராஜெக்ட் ஒன்றை ஒரு மணி நேரம் விரிவாக விளக்குவதாகவும் முன்வரலாம். நல்ல குழுக்கள் பல இதற்கு ஒப்புக்கொள்கின்றன.