நகராத பெட்டிக்குக் காற்றில் எதற்கு இணைப்பு?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கணினி

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சிறு பனியன் கம்பெனிகளுக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்து தருகிறேன். ரவுட்டர் கீழே கூடத்தில். மேசைக் கணினி மாடி அறையில். வைஃபை அடிக்கடி அறுந்துபோய்த் தானாகவே திரும்ப வருகிறது. ஓடிபி தட்டும் நேரம் பார்த்துத்தான் போகிறது. அதே அறையில் கைபேசியில் படம் தடையில்லாமல் ஓடுகிறது. இணைப்புக் கொடுத்தவர்களின் ஆள் வந்து, ரவுட்டர் பக்கத்தில் நின்று அளந்து, 'நூறு எம்பிபிஎஸ் வேகம் வருகிறது சார்' என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மூன்று ஆன்டெனா வைத்த புது ரவுட்டரும் வாங்கிவிட்டேன். பலனில்லை. அடுத்து என்ன வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. தெருவிலிருந்து ரவுட்டர் வரை வழி சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். உங்கள் சிக்கல் ரவுட்டரிலிருந்து மாடி வரை உள்ள வழியில் இருக்கலாம்; அதை அவர் பார்க்கவே இல்லை. கடைக்காரரோ ஆன்டெனாவை எண்ணி விற்றுவிட்டார்.

உங்கள் கடிதத்திலேயே நல்ல தடயம் ஒன்று இருக்கிறது: கைபேசி சரியாக ஓடுகிறது. ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? வைஃபை தேய்ந்தால் சில கைபேசிகள் சத்தமில்லாமல் சிம் கார்டு பக்கம் தாவிவிடும். வைஃபை நன்றாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். முதலில் அதைச் சோதியுங்கள். அணைத்த பிறகும் கைபேசி நன்றாக ஓடினால் சந்தேகம் கணினியின் பக்கம்தான்.

அடுத்து, கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரத்தை இரண்டு முறை திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஆங்கிலத்தில் பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலும் பார்க்கலாம். மற்றதில் அதேபோல 8.8.8.8, இது கூகுளின் சர்வர். இரண்டிலும் கடைசியில் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, டி (t) என்ற எழுத்து சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை ஓரமாக ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இணைப்பு அறுந்ததும் திரும்பிப் பாருங்கள். இரண்டும் நின்றிருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான். ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றிருந்தால் வெளி இணைப்பில் கோளாறு. நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சண்டை போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டும் ஓடியும் பக்கம் திறக்கவில்லையென்றால், கெடு முடியும் நாளில் ஊரே அந்த இணையதளத்தில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தொழிலில் இது புதிதல்ல.

இரண்டும் நிற்கும் என்பதே என் ஊகம். உங்கள் கணினிக்கு வைஃபை எப்படி வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேசைக் கணினிகள் பலவற்றில் சிபியு பெட்டியின் பின்புறம் நகக்கண் அளவில், வைஃபை வாங்கும் ஒரு யுஎஸ்பி டாங்கிள் செருகியிருப்பார்கள். முன்னால் இரும்புத் தகடு, பின்னால் சுவர், மேலே மேசை. குடத்துக்குள் இட்ட விளக்குதான். போதாததற்கு, பக்கத்து நீல நிறத் துளையில் கணக்குகளைப் பிரதி எடுத்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். நீல நிறம் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அதில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. மலிவான டாங்கிள்கள் வேலை செய்வதும் அதே 2.4-இல்தான். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் ரவுட்டர் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மருந்து எளிது. ஒரு மீட்டர் நீள யுஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதி இருக்கும்; மின்சாரம் சேமிக்க இதை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்குக் கொடுத்திருக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். சும்மா இருந்துவிட்டு மறுபடி தொடும்போது அறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் அது ஓடும் தடத்தை, 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றில் நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் நானாக இருந்தால் கேட்6 என்னும் நெட்வொர்க் கேபிள் ஒன்றைக் கீழிருந்து மாடிக்கு இழுத்துவிடுவேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராத பெட்டி, அதுவும் சோறு போடும் பெட்டி. அதைக் காற்றை நம்பி விடுவானேன்? இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் மாடி அவ்வளவு உயரம் இருக்காது. மின்சார வயர் போகும் அதே குழாயில் மட்டும் இதைத் திணிக்க விடாதீர்கள். எலக்ட்ரீஷியன், 'ஒன்றும் ஆகாது சார்' என்பார். ஆகும்.

கேள்வி: எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பில் ரவுட்டர், இரண்டாங்கட்டில் என் கணினி. அந்த அறையிலேயே ரிப்பீட்டர் செருகியும் ஒட்டிக்கொண்டு ஒட்டிக்கொண்டு அறுகிறது.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: ரிப்பீட்டர் தனக்கு வருவதைத்தான் திருப்பிச் சொல்லும், அம்மா. சிக்னலே எட்டாத அறையில் அதை வைத்தால் எதைச் சொல்லும்? வளவுப் பக்கம், ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் வையுங்கள். உங்கள் வீட்டுச் சுவரின் கனத்தை அலை எளிதில் துளைக்காது. ஆனால் வளவு திறந்தவெளி, வாசல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்த நேர்கோட்டில் நின்றால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பாடம் பார்க்கவும் பேரனோடு பேசவும் அது போதும்.

கேள்வி: நான் மைக்ரோவேவில் பாலைச் சுடவைத்தால் என் கணவரின் கணினியில் கிரிக்கெட் நின்றுவிடுகிறது. வேண்டுமென்றே செய்வதாகச் சொல்கிறார்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. கதவு வழியே கசிவது உடம்புக்கு ஆபத்தில்லாத அளவுதான் என்றாலும், மெலிந்த வைஃபையைக் கலைக்க அது போதும். ரவுட்டர் காட்டும் வைஃபை பெயர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரோடு கணினியை இணைக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பாலை அடுப்பில் காய்ச்சுங்கள், ஆட்டம் முடிந்த பிறகு.

கேள்வி: இன்வெர்ட்டர் இருந்தும் மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் இணையம் சில நிமிடங்கள் இல்லாமல் போகிறது. வைஃபையில் கோளாறா?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: வைஃபையில் இல்லை. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ரவுட்டரும் ஃபைபர் மோடமும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கின்றன. ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ், அதாவது மின்சாரம் போனாலும் இடைவெளியில்லாமல் தாங்கும் பேட்டரிப் பெட்டி, கேட்டு வாங்குங்கள். மோடம் தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கும் வேண்டும். வாங்குமுன் இப்போதுள்ள அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். 9 வோல்ட்டும் உண்டு. 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அடுத்த கடிதத்தில் வேறு கேள்வி கேட்பீர்கள்.