மூட்டுவலி மாத்திரையும் மறதிநோயும்: கேள்வி பதில்

கேள்வி: முடக்குவாதத்துக்கு வலிமாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அல்சைமர் என்ற மறதிநோய் வராது என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

பதில்: அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 55 வயதைக் கடந்த ஏறத்தாழ 7,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வீக்கம் தணிக்கும் இவ்வகை வலிமாத்திரைகளை மொத்தமாக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களுக்கு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகவே இருந்தது. ஆனால் அங்கே யாருக்கும் மருந்து கொடுத்துச் சோதிக்கவில்லை. அவரவர் வாங்கிய மாத்திரையைக் கணக்கெடுத்தார்கள், அவ்வளவுதான். மூளை மாற்றங்கள் மறதி வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தவர்கள் வலியை முறையிடுவதும் மாத்திரை கேட்பதும் குறைந்திருக்கலாம். அமெரிக்காவில், குடும்பத்தில் அல்சைமர் இருந்த, 70 வயதை எட்டிய 2,500-க்கும் அதிகமானோரைக் குலுக்கல் முறையில் பிரித்து நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற இரு வலிமாத்திரைகளையும் மருந்தில்லாத போலி மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்து நேருமோ என்ற கவலையால் 2004 டிசம்பரில் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. மூளைக்குப் பாதுகாப்பு கிடைத்ததாக முடிவுகள் காட்டவில்லை.

கேள்வி: எனக்கு முழங்கால் தேய்மானம். மறதி வராமலிருக்க தினமும் டைக்ளோஃபெனாக் போடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். அவருக்கு மட்டும் நாப்ராக்சன் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: இதே கேள்விக்குத்தான் இப்போது பதில் சொன்னேன். சில பிரஷர் மாத்திரைகளோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் வலிமாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். இரைப்பைப் புண்ணில் ரத்தக் கசிவும் இந்த வயதில் எளிதில் வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்குப் போடும் எட்டானர்செப்ட் ஊசி அல்சைமரைத் தடுப்பதாகத் தெரிந்தும் ஃபைசர் மருந்து நிறுவனம் மறைத்ததே?

பதில்: காப்பீட்டுப் பதிவுகளில் அப்படியொரு தொடர்பு தெரிந்ததை அந்நிறுவனம் வெளியிடவில்லை என்று 2019-இல் செய்தி வந்தது உண்மை. ஆனால் தொடர்பு தெரிவது தடுப்பதற்குச் சான்று ஆகாது. பிரிட்டனில் அல்சைமர் நோயாளிகள் 41 பேரிடம் 24 வாரங்கள் சோதித்தபோது உறுதியான பலன் தெரியவில்லை. அந்த மருந்தின் மூலக்கூறும் மிகப் பெரியது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது.

கேள்வி: 41 பேர் என்பது ஒரு கணக்கா ஐயா?

பதில்: நியாயமான கேள்வி. அந்தச் சோதனை மிகச் சிறியதுதான். அதனாலேயே நிறுவனம் தன் தரவைப் பிற ஆய்வாளர்கள் சரிபார்க்க வெளியிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும், அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளில் முடக்குவாத நோயாளிகளை ஒப்பிட்டு 2022-இல் வந்த ஆய்வில், இவ்வகை ஊசிக்கும் வேறு வழியில் செயல்படும் மருந்துகளுக்கும் இடையே மறதிநோய் வாய்ப்பில் வேறுபாடு காணப்படவில்லை.

கேள்வி: அம்மாவுக்குப் பெயர்கள் மறக்கின்றன. மூட்டு மருந்தை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டும் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள்.