எட்டுப் பேர் போதும்
வாசகர் கேள்வி – நகரமைப்பு

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக நகரமைப்பாளராகப் பணியாற்றுகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து சிங்கப்பூருக்கு ஆறு நாள் கல்விப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். முப்பது பேர் சேர்ந்தால் கட்டணம் குறையும் என்கிறார் ஏற்பாட்டாளர். எங்களில் சிலரோ எட்டுப் பேராகவே போகலாம் என்கிறார்கள். எது நல்லது அம்மா? அங்கே எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: எட்டுப் பேராகவே போங்கள். செலவு கூடினால் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆட்களைக் கூட்டாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் முப்பத்திரண்டு பேர் கொண்ட குழுவோடு நானும் இப்படி ஒரு பயணம் போனேன். ஒரு நாளைக்கு ஐந்து இடங்கள் என்று கணக்கு வைத்து, பேருந்திலிருந்து இறங்குவதும் வழிகாட்டியைச் சுற்றி நிற்பதும் படம் எடுப்பதும் மறுபடி ஏறுவதுமாகவே அந்த வாரம் கழிந்தது. முப்பது பேர் ஒரு நடைபாதையில் நின்றால் அங்கே இயல்பான நடமாட்டம் நின்றுவிடும். நாங்கள் காணப் போனதோ அந்த நடமாட்டத்தைத்தான். எட்டுப் பேர் என்றால் தெரு இரைச்சலிலும் ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். நான்கு நான்காகப் பிரிந்து ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் நடக்கலாம். ஓர் அதிகாரியை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சந்திக்கும்போது, படக்காட்சியை ஓட்டிவிட்டு அனுப்பும் வழக்கத்தை விட்டு, எங்கே தவறியது என்பதையும் அவர் மனம்விட்டுச் சொல்வார்.

அடுத்தது, எதைப் பார்ப்பது என்பது. இடங்களின் பட்டியலை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். சென்னையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி நீரைப் பற்றியது. பிஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கால்வாயை உடைத்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். மழை வலுத்தால் ஆறு பூங்காவின் புல்வெளிக்குள் ஏறி விரியும். வடிந்தபின் மக்கள் மறுபடி அங்கே வந்து உட்காருவார்கள். ஒரு முழு நாளை அந்த ஓர் இடத்துக்கே கொடுங்கள். காலை ஆறரை மணிக்கு ஒரு முறையும், வெயில் உச்சியில் ஒரு முறையும், அந்தி சாயும்போது ஒரு முறையும் போய் நில்லுங்கள். கரையின் மண்ணைப் பிடித்து நிறுத்துவது எந்தச் செடி, அதைப் பராமரிப்பவர் யார், நீர் வாரியமும் பூங்கா வாரியமும் பொறுப்பை எப்படிப் பிரித்துக்கொண்டன என்று கேளுங்கள். அழகை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பொறுப்புப் பங்கீடு கேட்டால்தான் தெரியும்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நடக்கும்போது ஒரு கால வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றைத் தூய்மைப்படுத்தும் வேலை 1977-இல் தொடங்கி 1987 வரை பத்தாண்டுகள் நடந்தது. கழிவு வந்து சேரும் வாய்களை முதலில் அடைத்தார்கள்; பன்றிப் பண்ணைகளையும் கரையோரக் குடிசைகளையும் தெருவோரக் கடைகளையும் இடம் மாற்றினார்கள்; உணவங்காடி நிலையங்களை எழுப்பினார்கள். இன்று நாம் படம் எடுக்கும் கரையழகெல்லாம் அதற்குப் பின் வந்தது. கூவத்தின் கரையில் முதலில் நடைபாதை போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைத்தான் அங்கே போய்க் கற்க வேண்டும்.

ஆனால் அங்கு கண்டதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. 1966-இல் வந்த நில எடுப்புச் சட்டத்தின் துணையோடு அந்த நாட்டில் பெரும்பகுதி நிலம் அரசின் கைக்கு வந்தது. இங்கே ஒரே நீரோட்டத்தில் ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, சதுப்பு நிலம் வனத்துறையின் பொறுப்பு, மேலே போகும் பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அங்கே கற்றதில் எந்தப் பகுதி யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசும் குழுவுக்கு அங்கே ஒரு பெரிய வசதி உண்டு. தமிழ் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத் திறந்தவெளியில் மாலையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம், பழைய வீட்டை விட்டு இங்கே குடிவந்தபோது எது கிடைத்தது, எது போயிற்று என்று நம் மொழியிலேயே கேட்கலாம். வேறு நாட்டுக் குழுக்களுக்கு எளிதில் வாய்க்காத அந்த உரையாடலை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வெளியூர்களிலிருந்து நகர வடிவமைப்பாளர்கள் எட்டுப் பேர் மூன்று நாள் பயணமாக எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். மெட்ரோ, கடற்கரை, கோட்டை என்று நிரல் போட்டிருக்கிறோம். வேறு எதைக் காட்டலாம்?
– வாசகி, அடையாறு

பதில்: நிரலைக் கலைத்துவிட்டு, நீர் போகும் வழியே அவர்களை நடத்திச் செல்லுங்கள். இந்த நகரத்தைப் புரியவைக்க அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் நுங்கம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் நடக்கட்டும். அங்கே இப்போது ஏரி இல்லை. பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ‘லேக் ஏரியா’ என்கிறோம், ‘டேங்க் பண்ட் ரோடு’ என்கிறோம், மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்கிறோம். அங்கே பரந்து கிடந்த நெடிய ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை அமைத்தார்கள். வேறிடத்தாருக்குத் தமிழ் ஊர்ப்பெயர்களின் பொருளையும் சொல்லுங்கள்: ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்னும்போது தாங்கல் என்பது நீர் தேங்கும் சிறு ஏரி. ஒரு பெயர்ப் பலகையைக் கொண்டே நில வரலாற்றைப் படிக்கலாம் என்பதை உணரும் வடிவமைப்பாளர், தம் ஊரிலும் அதைச் செய்து பார்ப்பார். மாலையில் பாண்டி பஜாருக்கு வாருங்கள். 2019-இல் அகன்ற நடைபாதையோடு திறக்கப்பட்ட அந்தச் சாலையில் யார் உட்காருகிறார்கள், யார் விற்கிறார்கள், முன்பு அங்கே கடை விரித்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற மூன்றையும் கேட்டறிய இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

இரண்டாம் நாளை முழுவதும் தெற்கே செலவிடுங்கள். தென்சென்னையின் ஏரிகள் பலவற்றிலிருந்து கலங்கல் வழியே வழியும் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டுக்கு அருகே கடலை அடைகிறது. 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. குறுக்கே பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை போகிறது. அந்தச் சாலையின் ஓரத்தில் விருந்தினரை அரை மணி நேரம் நிற்க வையுங்கள். ஒரு பக்கம் நாரை, மறு பக்கம் கண்ணாடி மாளிகை. பிறகு பழைய மகாபலிபுரம் சாலை ஒக்கியம் மடுவைக் கடக்கும் பாலத்துக்குப் போய், இத்தனை ஏரிகளின் வெள்ளமும் வெளியேற விடப்பட்டிருக்கும் வழியின் அகலத்தை அவர்கள் கண்ணாலேயே மதிப்பிடட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நீங்கள் உரையாற்றத் தேவையில்லை. வேளச்சேரியில் எந்த வீட்டிலும் தண்ணீர் ஏறிய உயரத்தைக் கையை வைத்துக் காட்டுவார்கள்.

மூன்றாம் நாள் பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை போய் வாருங்கள். 1995-இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை எட்டிய அந்தத் தடத்தின் தூண்கள் வழியில் நெடுந்தூரம் பக்கிங்காம் கால்வாயிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. போக்குவரத்துக்குச் செய்த நன்மை நீரோட்டத்துக்கு என்ன செய்தது என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தே விவாதிக்கலாம். மயிலாப்பூரில் இறங்கிக் கபாலீசுவரர் கோயில் குளத்தையும் மாட வீதிகளையும் பார்த்து முடியுங்கள். கோட்டையை அவர்கள் தாமாகவே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இத்தகைய பயணங்களில் கண்ணகி நகருக்குக் குழுக்களை அழைத்துப் போவது முறையா? ஏழைகளின் வீடுகளைப் பார்க்கப் போவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனாலும் போகாமல் இருப்பது தீர்வு ஆகாது. நகரின் நடுவிலிருந்த குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டிருக்கின்றன. ஆற்றங்கரை அழகானதை மட்டும் பார்த்துவிட்டு, அதற்காக இடம் பெயர்ந்தவர்களைப் பார்க்காமல் திரும்பும் நகரமைப்பாளர் பாதிப் பாடத்தையே படித்தவர் ஆவார்.

அங்கு வாழ்கிறவர்கள் அழைத்தால் மட்டும் போங்கள். முன்னதாக ஒருவர் போய்ப் பேசி, நாளையும் நேரத்தையும் அவர்களே குறிக்கும்படி விடுங்கள். வழிகாட்டுபவர் அங்கே குடியிருப்பவராக இருக்கட்டும். வெளியூர்ப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள். வீட்டுக்குள் படம் எடுக்காதீர்கள். சுவர் ஓவியங்களுக்கு முன் நின்று நேரத்தைப் போக்காமல், காலை ஆறு மணிப் பேருந்தில் வேலைக்குப் போகும் பெண்களோடு நகருக்குள் பயணம் செய்யுங்கள். பழைய வேலை பழைய இடத்திலேயே இருக்க, வீடு மட்டும் பல கிலோமீட்டர் தள்ளி மாறினால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது என்பதை அந்தப் பேருந்து சொல்லிவிடும். எட்டுப் பேர் என்பதால் அவர்கள் உட்காரும் இருக்கைகளை நீங்கள் பறித்துக்கொள்ளவும் மாட்டீர்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் படமும் ட்ரோனும் இருக்கும் காலத்தில், குறிப்பேட்டோடு நடந்துபோய்ப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?
– மாணவர், கிண்டி

பதில்: 1914-இல் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்கு வந்தார். சென்னையின் மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல், அவருடைய வரைபடங்களையும் படங்களையும் ஏற்றிவந்த கப்பலையும் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915-இல் சென்னையில் அவர் கண்காட்சியை நடத்தினார். பிறகு சென்னை மாகாணத்தின் ஊர்களில் தெருத்தெருவாக நடந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்க்கோட்டுத் தெருக்களை வெட்ட நகராட்சி திட்டமிட்டிருந்தபோது, எந்தச் சந்தில் எந்தச் சுவரை மட்டும் எடுத்தால் காற்று வரும், எந்த வீட்டைத் தொடவே வேண்டாம் என்று நடந்து பார்த்துச் சொன்னவர் அவர்.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே சோதித்துப் பாருங்கள். வரைபடத்தில் மழைநீர் வடிகால் ஒரு நீலக் கோடாக ஒழுங்காகத் தெரியும். தெருவில் இறங்கி நின்றால், மேலே மேலே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, ஓரத்து வீடுகளின் வாசற்படி கீழே போயிருப்பதும், வடிகாலின் நீர் நுழையும் வாய் சாலையின் தாழ்வான பக்கத்தில் இல்லாமல் மேடான பக்கத்தில் இருப்பதும் தெரியும். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பத்து வீடுகளில் அளந்து, மழை பெய்யும் மாலையில் அதே பத்து வீடுகளுக்கும் மறுபடி போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை உங்கள் வார்டு அலுவலகப் பொறியாளரிடம் நேரில் கொடுங்கள்.