மேசைப்பந்து: வாசகர் கேட்டவை

உலகம் முழுக்க மேசைப்பந்து ஆடுகிறார்களாம். எங்கள் பக்கம் கிரிக்கெட்டையும் உதைபந்தையும் விட்டால் ஒன்றும் கண்ணில் படுவதில்லையே?
- தரம் 11 மாணவன், களுவாஞ்சிகுடி

கண்ணில் படாது தம்பி, அது கதவைச் சாத்திக்கொண்டு மண்டபத்துக்குள் ஆடுவது. பந்து 2.7 கிராம்தான், கச்சான் காற்று வீசும் நேரம் வெளியில் மேசை போட்டால் பந்து பொறுக்கவே பொழுது போய்விடும். ஆனால் பெர்லின் பூங்காக்களில் கொங்கிறீற் மேசைகளே கட்டி வைத்திருக்கிறார்கள். மட்டையோடு போனால் யாரோடும் ஆடலாம், ஆட்கள் கூடிவிட்டால் மேசையைச் சுற்றி ஓடியபடியே ஆளுக்கொரு அடி. நியூயோர்க்கில் 2009இல் நடிகை சூசன் சரண்டனும் சேர்ந்து தொடங்கிய மேசைப்பந்து விடுதியில், இரவில் சாப்பிட வருகிறவர்களும் மட்டையைப் பிடிக்கிறார்கள். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வசதியான வீடுகளில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஆடத் தொடங்கிய விளையாட்டுத்தானே, புதுமை ஒன்றுமில்லை.

மகள் தரம் 6. பாடசாலையில் பழகுகிறாள். எந்த மட்டை வாங்குவது? வீட்டில் மேசை போடலாமா?
- ஒரு தாய், அக்கரைப்பற்று

மேசையை விடுங்கள் தங்கச்சி. நீளம் 2.74 மீற்றர், அகலம் 1.525, அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓடியாட இடம் வேண்டும், எங்கள் வீட்டு மண்டபங்களில் கதிரைகளை முற்றத்துக்குத் தூக்கினாலும் காணாது. மட்டைக்கு, றப்பர் ஒட்டி விற்கிற சாதாரணமானதே போதும். விலை கூடியவை பெரும்பாலும் வேகமானவை, பழகுகிற பிள்ளை கையில் கொடுத்தால் பந்து மேசையில் விழாமல் சுவருக்குப் போகும், பிள்ளைக்கும் வெறுத்துவிடும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள், எந்தப் பக்கத்தால் அடிக்கிறோம் என்பது எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. இந்தியாவின் மணிகா பத்ரா ஒரு பக்கத்தில் நீளமான முள்ளு றப்பர் போட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கலாம். இப்போது வேண்டாம், இரண்டு பக்கமும் மொழுமொழுவென்றதே இருக்கட்டும், பிறகு பயிற்றுநர் சொல்லுவார்.

எப்போது பார்த்தாலும் சீனாவே வெல்கிறது. இப்படியே போனால் யார் பார்ப்பார்கள்?
- காத்தான்குடி வாசகர்

நியாயமான எரிச்சல். 1959இல் ஜேர்மனியின் டோட்முண்டில் ரொங் குவோதுவான் வென்றதுதான் சீன மக்கள் குடியரசுக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் உலகப் பட்டம். அதன் பிறகு பாடசாலை, தொழிற்சாலை என்று எங்கும் மேசை போட்டார்கள். 1971இல், அதுவரை உறவில்லாமல் இருந்த அமெரிக்காவின் அணியைக் கூப்பிட்டு ஆடினார்கள், அடுத்த வருடம் ஜனாதிபதி நிக்சனே பீஜிங் போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கமும் அவர்களுக்கே.

ஆனால் அதே பாரிஸில் சுவீடனின் ட்ருல்ஸ் மொரெகோர்ட் அறுகோண மட்டையோடு வந்து, அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சீனாவின் வாங் சூச்சினை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறுதியாட்டம் வரை போனார். 17 வயது பிரெஞ்சுப் பையன் ஃபெலிக்ஸ் லெப்ரன் பேனை பிடிக்கிற மாதிரி மட்டையைப் பிடித்தே வெண்கலம் எடுத்தார், அந்தப் பிடி ஆசியாவுக்குரியது என்று பலர் நினைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் மக்காவ் உலகக் கிண்ணத்தில் பிரேசிலின் ஹூகோ கல்டெரானோ அரையிறுதியில் வாங்கையும் இறுதியில் இன்னொரு சீனரான லின் ஷிடொங்கையும் தோற்கடித்தார். இந்த மூன்று பேரின் ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

62 வயதில் தொடங்கலாமா? இரட்டையர் ஆட்டம் லேசு என்கிறார்கள்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், வாழைச்சேனை

தாராளமாகத் தொடங்கலாம் சேர், செருப்போடு மட்டும் இறங்காதீர்கள். இரட்டையர் லேசு என்று சொன்னவரை நம்ப வேண்டாம். இருவரும் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும், அடித்ததும் விலகி வழி விட வேண்டும், பழகாத இருவர் மோதிக்கொள்வது நிச்சயம். முதலில் ஒற்றையர் ஆடுங்கள்.